தீக்கோழியும் கீழ்ச்சேரிக் கோழியும்

முட்டுக்காட்டில் உட்கார்ந்துகொண்டு நெருப்பைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஈசிஆர் ரோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணிதான். ஆனால் இந்தக் கட்டுரை தொடங்கியது இங்கேதான்.

போன பொங்கல் லீவில் அக்கா குடும்பம் வந்திருந்தது. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தப்பாவும் வந்திருந்தார். அக்கா பையன் பதினொன்றாவது படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து போனில் போக்கிமான் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். திரையில் சிவப்பு இறகும் மஞ்சள் அலகும் மணிக்கட்டில் தீயுமாக, மனுஷன் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு கோழி. பெயர் பிளேஸிகென். பையன் அதைத் தமிழில் 'தீக்கோழி' என்கிறான். (நெருப்புக்கோழி, தீக்கோழி என்று நாம் சொல்வதெல்லாம் வேறு பறவை, ஆஸ்ட்ரிச். அதனிடம் தீ ஏதும் கிடையாது.)

ஒரு சண்டையில் அவனுடைய கோழி எகிறி உதைத்தது. உதை எதிராளி மேல் படாமல் போனது. கோழியின் உயிரில் பாதி ஒரே அடியில் காலி. பையன் போனைத் தொடையில் அறைந்துகொண்டான். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சித்தப்பா கேட்டார்: "ஏன்டா, வந்த உடனே உன் சேவலை அடிக்க விட்ட? முதல் தண்ணியில பாக்க விடணும். அடிக்க விடக் கூடாது."

சித்தப்பாவுக்குப் போக்கிமான் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அந்த ஆட்டத்தில் பிளேஸிகெனை ஆடுகிறவர்கள் பல வருஷம் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்த உத்தியை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். எப்படி? அதைத் தேடிப் போன குறிப்புகள்தான் இவை.

சியாமிலிருந்து வந்த சேவல்

முதலில் பெயர். பிளேஸிகென் என்பது ஆங்கிலப் பதிப்பின் பெயர். 'பிளேஸ்' என்றால் கொழுந்துவிடும் தீ, அதோடு 'சிக்கன்' சேர்ந்தது. ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் பஷாமோ. அதன் முந்தைய பருவத்துக்கு வகாஷாமோ என்று பெயர். 'வகா' என்றால் இளைய. 'ஷாமோ' என்பது ஜப்பானில் சண்டைச் சேவலின் பெயர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சியாம், அதாவது இன்றைய தாய்லாந்து. எடோ காலத்தில் சியாமிலிருந்து கப்பலேறிய சண்டைச் சேவல்களை ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டு, அதுவே இனத்தின் பெயராகிவிட்டது. 1941-இல் ஜப்பான் அரசு ஷாமோவை இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

ஆக அந்தத் தீக்கோழி கற்பனைப் பிராணி என்றாலும், உள்ளே இருப்பது அசல் சண்டைச் சேவல். நம்மூர் அசில் சேவலைப் பார்த்தவர்கள் ஷாமோவின் படத்தைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள். நீண்ட கழுத்து, நிமிர்ந்த உடம்பு, தடித்த கால்.

உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூலம் சிவப்புக் காட்டுக்கோழி. 863 பறவைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2020-இல் வந்த ஆய்வு, தென்கிழக்கு ஆசியப் பகுதியில் வாழும் ஒரு துணையினத்தைத்தான் வீட்டுக்கோழியின் நெருங்கிய மூதாதை என்று காட்டியது. அங்கிருந்து ஒரு கிளை கிழக்கே ஜப்பானுக்குப் போனது. ஒரு கிளை மேற்கே நம்மிடம் வந்தது. இரண்டு பக்கமும் மனிதர்கள் அதைச் சண்டைக்கு விட்டார்கள். அவர்களில் ஒரு பக்கத்தார் பின்னாளில் அதை வீடியோ கேமுக்குள் கொண்டுபோனார்கள். நம்ம பக்கத்தார் என்ன செய்தார்கள்? கல்லில் எழுதி வைத்தார்கள்.

கல்லில் நிற்கும் கோழிகள்

நடுகல் என்றால் போரில் செத்த வீரனுக்கு, ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு என்றுதான் பள்ளியில் படித்தோம். கோழிக்கும் நடுகல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒன்று. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் இன்னொன்று. இரண்டுமே ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை கொண்டவை. மாமல்லபுரத்தில் ரதங்களைச் செதுக்குவதற்கும் முந்தைய காலம்.

அரசலாபுரத்துக் கல் முகையூர் மேற்சேரியின் கோழியைச் சொல்கிறது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரியின் கோழியைச் சொல்கிறது. அந்தக் கோழிக்குப் பெயரும் இருக்கிறது: பொற்கொற்றி. பொன்னும் கொற்றமும் அந்தப் பெயருக்குள் கேட்கின்றன.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. ஒன்று, 'மேற்சேரி', 'கீழ்ச்சேரி'. கோழியை ஒரு தனி மனிதரின் சொத்தாகக் கல் சொல்லவில்லை. சேரியின் கோழி என்கிறது. ஊரின் ஒரு பாதி தன் பெயரை அந்தப் பறவையின் மேல் ஏற்றிக் களத்துக்கு அனுப்பியிருக்கிறது. இரண்டாவது, கோழிக்கென்று தனியாக ஒரு பெயர். கல்வெட்டு அந்தப் பெயரைத் தாங்குகிறது. கோழியைப் பழக்கியவர் பெயரோ விட்டவர் பெயரோ நம் கண்ணில் நிற்கவில்லை, பறவையின் பெயர் நிற்கிறது. இதைக் கடைசியில் திரும்பவும் பேச வேண்டியிருக்கும்.

இலக்கியத்திலும் கோழி இருக்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் 'கோழி வென்றி' என்று தனித் துறையே உண்டு. கூடவே தகர் வென்றி, யானை வென்றி, பூழ் வென்றி. ஆட்டுக்கடா, யானை, காடை என்று சண்டைக்கு விட்ட பிராணிகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். சோழர் தலைநகர் உறையூருக்கே 'கோழி' என்று ஒரு பெயர். யானையைக் கோழி எதிர்த்து வென்ற இடம் என்பது அதற்குச் சொல்லும் கதை. 'வாரணம்' என்ற சொல்லுக்கு யானை என்றும் பொருள், கோழி என்றும் பொருள் என்பது இந்தக் கதையைச் சொல்கிறவர்களுக்கு நல்ல வசதி.

குறுந்தொகை 305-ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயரே தெரியாது. அவர் காட்டிய உவமையால் குப்பைக்கோழியார் என்று பெயர் பெற்றார். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகச் சண்டை போடுகின்றன. மூட்டி விட்டவரும் இல்லை, விலக்கி விடுபவரும் இல்லை. தானாக ஓய்ந்தால்தான் உண்டு. தலைவியின் காம நோய்க்கு அது உவமை. ஆனால் அந்த உவமை எடுபட வேண்டுமென்றால், கேட்பவர்களுக்கு விலக்கி விடுபவர் இருக்கும் சண்டை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். சண்டை என்பது இரண்டு பறவையும் இரண்டு மனிதரும் சேர்ந்தது என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எந்தப் பறவை, எந்த நேரம்

போக்கிமான் ஆட்டத்தின் முதுகெலும்பு வகைப் பட்டியல். நெருப்பு புல்லை எரிக்கும், நீர் நெருப்பை அணைக்கும், புல் நீரை உறிஞ்சும். அனுகூலமான அடி இரண்டு மடங்கு, பிரதிகூலமான அடி பாதி. 1996-இல் முதல் ஆட்டம் வந்தபோது 15 வகைகள். அடுத்த தலைமுறையில் இருளும் எஃகும் சேர்ந்து 17. 2013-இல் தேவதை வகை சேர்ந்து 18.

நம்மிடமும் ஒரு பட்டியல் உண்டு. பஞ்சபட்சி சாஸ்திரம். வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்று ஐந்து பறவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம்: வல்லூறுக்கு நிலம், ஆந்தைக்கு நீர், காகத்துக்கு நெருப்பு, கோழிக்குக் காற்று, மயிலுக்கு ஆகாயம். பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம ஊர்ல ஃபயர் டைப் காக்காவா மாமா?" என்றான். ஆமாம், நம்ம கணக்கில் காக்காதான் நெருப்பு. கோழி பறக்கும் வகை!

ஆனால் பஞ்சபட்சியின் சுவாரசியம் பூதத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பகலை ஐந்து ஜாமமாகவும் இரவை ஐந்து ஜாமமாகவும் பிரிக்கிறார்கள். ஒரு ஜாமம் ஆறு நாழிகை, அதாவது 2 மணி 24 நிமிஷம். ஒவ்வொரு ஜாமத்திலும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு தொழில்: ஊண், நடை, அரசு, துயில், சாவு. அரசில் இருக்கும் பறவை வலியது, சாவில் இருப்பது மெலியது. வளர்பிறைக்கு ஒரு பட்டியல், தேய்பிறைக்கு வேறு. ஆந்திரத்தில் இதே போக்கில் குக்குட சாஸ்திரம் என்று சேவலுக்கே தனியாக உண்டு. சேவலின் நிறத்தை வைத்துக் காகம், மயில், பருந்து என்று வகை பிரித்து, எந்தக் கிழமையில் எது எதை வெல்லும் என்று அதில் கணக்குப் போடுவார்கள்.

சாஸ்திரம் பலிக்குமா என்று கேட்டால், நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் அது கேட்கிற கேள்வி நல்ல கேள்வி. எந்தப் பறவை வலியது என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், அது எப்போது வலியது என்றும் கேட்கிறது. நெருப்பு வகைப் போக்கிமானின் 30 வருஷச் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், ஆடுகிறவர்கள் அந்தக் கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நெருப்பின் கஷ்ட காலம்

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தலைமுறையில் நெருப்புக்குப் பெரிய வேலை இல்லை. பனிக்கட்டி அடியைத் தாங்கும் குணம்கூட அதற்கு அப்போது கிடையாது. 1999-இல் எஃகு வகை வந்ததும் அதை உருக்க ஆள் தேவைப்பட்டது. அப்போதுதான் நெருப்புக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது.

2002 நவம்பரில் ரூபி, சஃபையர் ஆட்டங்களில் நம்ம கோழி பிறந்தது. முதலில் டார்ச்சிக் என்ற குஞ்சு, 16-ஆம் நிலையில் கம்பஸ்கென், 36-ஆம் நிலையில் பிளேஸிகென். கதை நடக்கும் ஹோயன் பிரதேசம் ஏறக்குறைய முட்டுக்காடு மாதிரி, பாதிக்குப் பாதி தண்ணி. நெருப்புக் குஞ்சோடு கிளம்புகிறவருக்கு முதல் சோதனையே ராக்ஸேன் என்ற கல்வகை ஆசிரியை. கல் நெருப்பை நசுக்கும். இங்கேதான் ஆட்டம் முதல் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. 16-ஆம் நிலைவரை பொறுமையாகக் குஞ்சை வளர்த்தால், அது கம்பஸ்கென் ஆகி மல்யுத்த வகையும் சேர்ந்து 'இரட்டை உதை' கற்றுக்கொள்ளும். அந்த உதைக்குக் கல் உடையும். நெருப்பால் முடியாததைக் கால் முடிக்கிறது. சேவல் சண்டை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சேவல் அலகால் பிடிக்கும், அடி காலில்தான் இருக்கும்.

ஆனால் ஆட்டத்தின் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. 2006 வரைக்கும் நெருப்பு அடி எல்லாமே 'சிறப்பு' வகை, மல்யுத்த அடி எல்லாமே 'உடல்' வகை. பிளேஸிகெனின் உடல் தாக்குதல் எண் 120, சிறப்புத் தாக்குதல் 110. அதற்கே உரிய 'தீ உதை'யைக் காலால் உதைத்தாலும், கணக்கு அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டு 110-ஐத்தான் பார்க்கும்! இரண்டு எண்ணையும் வளர்க்கப் போனால் இரண்டும் அரைகுறை. 2006-இல் நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிரித்த பிறகுதான் உதை உதையானது.

அதே 2006-இல் நெருப்புக்கு ஒரு சாபமும் வந்தது. 'ஸ்டெல்த் ராக்'. களத்தில் கூர்க்கற்களை மிதக்க விட்டுவிட்டால், உள்ளே வரும் ஒவ்வொரு எதிரிக்கும் அடி. கல்லுக்குப் பலவீனமான வகைகள் கூடுதலாக வாங்கும். நெருப்பும் பறத்தலும் சேர்ந்த சாரிஸார்ட் களத்தில் கால் வைத்ததுமே பாதி உயிரை இழக்கும். பிளேஸிகென் மட்டும் தப்பித்தது. நெருப்புக்குக் கல் இரு மடங்கு, மல்யுத்தத்துக்குக் கல் பாதி. பெருக்கினால் ஒன்று. எட்டில் ஒரு பங்கு உயிரோடு போகும்.

முதல் சுற்றில் காவல்

இவ்வளவு இருந்தும் 2010 வரை பிளேஸிகென் இரண்டாம் வரிசைதான். காரணம் வேகம். அதன் வேக எண் 80. உடம்பும் மெலிசு, தற்காப்பு இரண்டிலும் 70. அடிக்க வருவதற்கு முன்னாலேயே அடி வாங்கிச் சாயும்.

ஐந்தாம் தலைமுறையில் அதற்கு 'ஸ்பீட் பூஸ்ட்' என்ற மறைகுணம் கிடைத்தது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் வேகம் ஒரு படி ஏறும். ஒரு படி என்றால் ஒன்றரை மடங்கு, இரண்டு படி என்றால் இரண்டு மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100-ஆம் நிலையில், வேகத்துக்கு முழுப் பயிற்சியும் வேகத்துக்குச் சாதகமான சுபாவமும் கொடுத்தால் பிளேஸிகெனின் வேகம் 284. அந்தக் காலத்தில் எல்லோரையும் மிரட்டிய கார்ச்சாம்ப் அதே பயிற்சியில் 333. மின்னல் வேக ஜோல்ட்டியான் 394. இரண்டுமே பிளேஸிகெனை முந்தும். ஆனால் ஒரே ஒரு சுற்று தாண்டிவிட்டால் 284 என்பது 426 ஆகிறது. இப்போது இரண்டும் அதற்குப் பின்னால்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. அந்த முதல் சுற்றை எப்படிக் கடத்துவது?

விடை 'ப்ரொடெக்ட்', காவல். அந்தச் சுற்றில் வரும் அடியைத் தடுக்கும். வேறு எதுவும் செய்யாது. அடுத்தடுத்து உபயோகித்தால் பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், அதனால் ஒருமுறைதான் நம்பலாம். பிளேஸிகெனுக்கு அந்த ஒருமுறை போதும். எதிராளி என்ன அடி வைத்திருக்கிறான் என்று கண்ணால் பார்த்தும் ஆயிற்று, வேகமும் ஒரு படி ஏறியாயிற்று. "முதல் தண்ணியில பாக்க விடணும்" என்று சித்தப்பா சொன்னது இதைத்தான்.

அதன் பிறகு ஒரு தேர்வு இருக்கிறது. வேக சுபாவத்துக்குப் பதில் பலத்துக்கான சுபாவம் கொடுத்தால், தாக்குதல் 339-லிருந்து 372 ஆகும். ஆனால் வேகம் 259-இல் தொடங்கி ஒரு சுற்று கழித்து 388-இல் நிற்கும். கார்ச்சாம்பை முந்தலாம். ஜோல்ட்டியானை ஆறு புள்ளியில் முந்த முடியாது. எதிரில் யார் வருவார்கள் என்று ஊகித்து, சண்டைக்கு முன்னாலேயே முடிவெடுக்க வேண்டும். அசில் வளர்ப்பவர்கள் கத்திக்காலா வெற்றுக்காலா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து அதற்கேற்பத் தீனி போடுவது இதே கணக்குதான். கத்திக்கட்டு சில நிமிஷத்தில் முடியும், அங்கே வேகம் பேசும். வெற்றுக்கால் சண்டை பல தண்ணி நீளும், அங்கே தாங்கும் திறன் பேசும்.

அடிக்கும் விலை உண்டு. பிளேஸிகெனின் இரண்டு பெரிய அடிகளும் அடிப்பவரையே பதம் பார்ப்பவை. 'ஃப்ளேர் பிளிட்ஸ்' 120 பலம், எதிரிக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வரும். 'ஹை ஜம்ப் கிக்' 130 பலம், நூற்றுக்குத் தொண்ணூறு தரம்தான் படும். தவறினால் தன் முழு உயிரில் பாதி போய்விடும். எதிராளி காவல் போட்டாலும் தவறியதாகவே கணக்கு. ஆவி வகை மேல் மல்யுத்த அடி படவே படாது, அப்போதும் பாதி உயிர் போகும்.

அக்கா பையனுக்கு நடந்தது அதுதான். உதை வருமென்று எதிராளி ஊகித்து, ஜெல்லிசென்ட் என்ற நீரும் ஆவியும் சேர்ந்த பிராணியை அந்தச் சுற்றில் மாற்றி உள்ளே விட்டான். உதை காற்றில் போனது. இந்த ஆட்டத்தில் சதுரங்கம் போல ஒருவர் மாற்றி ஒருவர் காய் நகர்த்துவது கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் மறைவாக முடிவெடுக்கிறார்கள். அதனால் அடியின் பலத்தைவிட, நம் மனசில் என்ன ஓடுகிறது என்று எதிராளிக்குத் தெரியாமல் இருப்பது பெரிய பலம்.

பிறகு வெயில். ஐந்தாம் தலைமுறையில் நைன்டெய்ல்ஸ் என்ற நரி களத்துக்கு வந்தாலே அணையாத வெயில் அடிக்கும் குணம் பெற்றது. வெயிலில் நெருப்பு அடி ஒன்றரை மடங்கு, நீர் அடி பாதி. அதாவது நெருப்பை அணைக்கவென்று வைத்திருந்த நீர் வகைகளின் கையையே வெயில் கட்டிப்போடும். எதிரணி மழையைக் கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழ். பஞ்சபட்சி பாஷையில் சொன்னால், வெயிலில் தீக்கோழிக்கு அரசு, மழையில் துயில். சண்டையின் பாதி, யாருடைய ஜாமத்தில் சண்டை நடக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் சண்டை.

வேகமும் வெயிலும் சேர்ந்ததும் பிளேஸிகெனை நிறுத்த ஆள் இல்லாமல் போயிற்று. போட்டி விதிகளைத் தொகுக்கும் ஸ்மோகன் சமூகம் அந்தத் தலைமுறையின் பொது வரிசையிலிருந்து அதை விலக்கி, அதிபலசாலிகளின் 'ஊபர்' வரிசைக்குத் தள்ளியது. ஆரம்பத்தில் குழந்தைகளுக்குப் பரிசாகக் கிடைக்கும் ஒரு கோழிக்குஞ்சு, வளர்ந்து, தெய்வ டிராகன்கள் உலவும் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பலத்தில் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. ஒரு சுற்று காத்திருக்க அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா ஏன் நிறுத்தினார்

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். பாதி புரிந்தது, பாதி சிரித்தார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார்.

தண்ணி என்றால் சுற்று. ஒரு தண்ணி முடிந்ததும் சேவலை வாங்கி, முகத்தில் தண்ணீர் பீய்ச்சி, இறக்கையைத் தூக்கிக் காற்றோட்டம் கொடுத்து, காயத்தைப் பார்த்து, திரும்ப விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். "விடுறது பெரிய வித்தை இல்லடா. எடுக்கிறதுதான் வித்தை" என்றார். அவர் கடைசியாக விட்ட சேவல் ஜெயித்தது. மூன்றாம் தண்ணிக்கு விட்டிருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போதே தெரியும். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், விட்டார். ஜெயித்த சேவல் பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியிலேயே செத்துப்போயிற்று. அதோடு கூண்டுகளைக் கொடுத்துவிட்டார்.

பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனாலும் கரூர் மாவட்டத்துப் பூலாம்வலசு போல பொங்கல் சேவல்கட்டுக்குப் பேர்போன ஊர்கள் உண்டு. 2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' படம் அந்த உலகத்தை நகரத்து ஜனங்களுக்குக் காட்டியது. அதில் 'தேறாது, அறுத்துவிடு' என்று குரு கழித்த சேவலைச் சிஷ்யன் காப்பாற்றி ஜெயிக்கிறான். படத்தின் நிஜச் சண்டை அதற்குப் பிறகு மனிதர்களுக்குள்தான்.

சேவல்கட்டு திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சித்தப்பாவும் சொல்ல மாட்டார். கலாசாரம் என்ற பெயரில் கத்தி கட்டுவதை நியாயப்படுத்துகிறவர்கள், அந்த பஸ் பயணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதே சமயம், சேவலின் மூச்சைக் கேட்டே அது எத்தனை தண்ணி தாங்கும் என்று சொல்லும் அறிவு ஒன்று இருந்தது. அது சித்தப்பா தலைமுறையோடு போகிறது. எழுதி வைத்த ஆள் குறைவு.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி, சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். 1999-இல் டைம் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், தன் ஆட்டத்தில் பிராணிகள் சாவதில்லை, மயங்கத்தான் செய்கின்றன என்பதை அவர் வலியுறுத்திச் சொன்னார். பிள்ளைகளின் மனதில் மரணம் பற்றிய தப்பான எண்ணம் வளரக் கூடாது என்பது அவர் கவலை. அதனால் சேவல்கட்டின் விளையாட்டு அறிவு முழுவதையும் அந்த ஆட்டம் எடுத்துக்கொண்டது. வகை, வேளை, தீனி, பொறுமை, எதிராளியின் மனசு. ரத்தத்தை மட்டும் விட்டுவிட்டது. கூடவே 'எடுக்கிற வித்தை'யையும் கொஞ்சம் இழந்தது என்று நினைக்கிறேன். தோற்றாலும் மருத்துவமனை இருக்கிறது என்னும்போது, மூன்றாம் தண்ணிக்கு விடுவதா என்ற கேள்வி யாரையும் தூங்கவிடாமல் செய்யாது. அந்தக் கேள்வியின் முழு பாரத்தையும் சுமந்தது எப்போதும் பறவைதான்.

இந்தளூர்க் கல்லை எழுப்பியவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. கீழ்ச்சேரிக்காக யார் களத்தில் நின்றார்களோ, அவர் பெயரைக் கல்லில் போட்டார்கள். அது ஒரு கோழியின் பெயர் என்பது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு அக்கா பையன் தன் பிளேஸிகெனுக்குப் பெயர் வைத்தான். பொற்கொற்றி. சாயங்காலம் அதே திண்ணையில் முதல் சண்டை. முதல் சுற்றில் காவல் போட்டான், இரண்டாம் சுற்றில் அடித்தான், மூன்றாம் சுற்றில் மழை அணியிடம் மாட்டிக்கொண்டான்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "செத்துடுச்சாடா?"

"இல்ல தாத்தா. மயங்கிடுச்சு. எழுந்துடும்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.